சரக்கு ஒன்று, பில்லில் எண் வேறொன்று

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பாண்டேஜ் துணியை நமது பகுதியில் தெரியாதவர் இல்லை. மளிகைக் கடைகளிலும் சிறு ரோல்களாக அதை வைத்து விற்கிறோம். தானாக வாங்கினால் அந்தத் துணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதையே வெட்டிச் சுருட்டி, மருத்துவ உபயோகத்துக்கென்று உறையிலிட்டுச் சில்லறைக்கு அனுப்பினால் 3005 என்ற தலைப்புக்குப் போய்விடும். 2017 முதல் அதற்கு 12 சதவீதம் கட்டினோம். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி அதுவும் 5 சதவீதமாயிற்று. அன்றைக்குப் புரட்டாசி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நமது திருவண்ணாமலைப் பெருமாளுக்குச் சனிக்கிழமைக் கூட்டம் வரும் நேரத்தில், இந்த ஒரு பொருளிலாவது குழப்பம் தீர்ந்ததே என்று நிம்மதி அடைந்தோம்.

ஆனால் எண் குழப்பம் பாண்டேஜோடு தீர்ந்துவிடவில்லை. நாம் பில்லில் எழுதும் ஹெச்.எஸ்.என். எண், 1975-ஆம் ஆண்டு சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையிலிருந்து எடுத்தது. முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது. கடைசி இரண்டு நமது நாடு சேர்த்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்குமதியாளர் எழுதிக்கொடுக்கும் எண்தான் மொத்த வியாபாரி வழியாக நமது கடை வரை வருகிறது. அங்கே அவர் தவறாக எழுதினால், இங்கே நாமும் அதையே எழுதுகிறோம்.

எங்களுக்கே நேர்ந்ததைச் சொல்கிறோம். சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு முந்தி, வெளியூர் வியாபாரி ஒருவரிடம் வெளிநாட்டுத் துணி நாற்பது பண்டல் வாங்கினோம். பில்லில் நெசவுத் துணியின் எண். வழியில் வண்டியை நிறுத்தியவர்கள் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இது நெசவா, பின்னலா?" என்றார்கள். பாவும் ஊடும் குறுக்காகப் போனால் நெசவு. நூல் வளையம் வளையமாகக் கோத்திருந்தால் பின்னல். நாற்பது வருடம் துணி தொட்ட கைக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பில்லைப் பார்த்த நாங்கள் துணியைப் பார்க்கவில்லை. ஒன்பது நாள் சரக்கு நின்றது. எழுதிக்கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள், அந்த ஒன்பது நாளில் அட்டவணையைப் படித்தது போல் பள்ளியில் எதையும் படித்ததில்லை!

செயற்கை இழைப் பின்னல் துணியில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதையும் சொல்ல வேண்டும். மலிவு விலை காட்டி அது வந்து இறங்குகிறது என்று உள்நாட்டு உற்பத்தியாளர்கள் முறையிட்டதன் பேரில், 2024 மார்ச்சில் மத்திய அரசு ஐந்து எண்களுக்குக் கிலோவுக்கு மூன்றரை டாலர் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. அதே வருடத்திலேயே ஐந்தைப் பதின்மூன்றாக்க வேண்டி வந்தது. ஒரு கதவை அடைத்தால் சரக்கு அடுத்த எண்ணில் நுழைகிறது என்பதுதானே இதற்குப் பொருள்? 2025 பட்ஜெட்டில் ஒன்பது எண்களுக்கு 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது, என்று தீர்வை மாற்றினார்கள். கிலோ 200 ரூபாய்த் துணிக்கு 20 சதவீதமென்றால் 40 ரூபாய். இந்தக் கணக்கில் 115 ரூபாய். எண்ணை மாற்றி எழுத எவ்வளவு ஆசை வரும், பாருங்கள்.

நேர்மையாக எழுத நினைப்பவனுக்கும் இது எளிதல்ல. நாம் "காஸ்" என்று விற்கும் மருத்துவத் துணி, அட்டவணை சொல்லும் காஸ் அன்று. அங்கே காஸ் என்றால் பாவு நூல்கள் ஒன்றையொன்று சுற்றித் திரும்பும் நெசவு, அதற்கு 5803. நம்முடையது சாதா நெசவு. தானாக இருக்கும் மெல்லிய பருத்தித் துணியாக 5208-இல் சேர வேண்டியது. இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. ஒன்றாக இருப்பதால் நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். கலப்புத் துணியில் எந்த இழை எடை அதிகமோ அதன் எண். பருத்தியும் பாலியெஸ்டரும் சரிபாதி என்றால், அட்டவணையில் பின்னால் வருவது எதுவோ அது, அதாவது பாலியெஸ்டர். எந்தக் கடையில் இதை எடை போட்டுப் பார்ப்பது?

சந்தேகம் வந்தால் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கலாம் என்கிறார்கள். ஜி.எஸ்.டி.யில் மத்திய, மாநிலக் கட்டணம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய். கேட்டவருக்கும் அவருடைய அதிகாரிக்கும் மட்டுமே அது கட்டுப்படும். அதே துணியை விற்கும் பக்கத்துக் கடைக்காரர் மறுபடி பத்தாயிரம் கட்ட வேண்டும். ஒரு வணிகர் சங்கம் கேட்டால் அதன் உறுப்பினர் அனைவருக்கும் அது செல்லும்படி சட்டத்தைத் திருத்தட்டும். இதை நமது சங்கம் தீர்மானமாகவே போட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அதுவரை, இறக்குமதிச் சரக்கு வாங்கும் உறுப்பினர்கள், துறைமுகத்தில் எந்த எண்ணில் இறங்கியது என்பதற்கான சுங்க ரசீதின் நகலைக் கேளுங்கள். கொடுக்க மறுப்பவரிடம் விலை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். எண் தெரியாத சரக்கு கடையில் இருந்தால், அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு முழத் துண்டும் அதன் பில்லும் எடுத்து வாருங்கள். அட்டவணைப் புத்தகத்தை நாங்கள் கொண்டு வருகிறோம், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.