கல்லில்லாதவன் பூட்டனை எங்கே காட்டுவான்?

பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய முற்றத்திலே சாள்ஸ் ஹே கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கோல்புறூக்–கமரன் விசாரணைக் குழுவின் கமரன் இவரே. 1879 இல் மறைந்த அவர்தம் மனைவியார், புகைப்படக் கலையிற் புகழ்பெற்ற யூலியா மாகிறற், அவ்விடத்திலேயே உறங்குகிறார். அவர்கள் வழிவந்தோர் இன்றும் கப்பலேறி வந்து கல்லைத் தேடிப் பெயரை வாசிக்கலாம். வாசிக்கட்டும், நமக்கு அதிற் காழ்ப்பில்லை. பென்றி லூயிஸ் என்னும் சிவில் சேவை அதிகாரி 1913 இல் இலங்கைக் கல்லறை வாசகங்களைப் பெருநூலாகவே தொகுத்து வைத்தார். துரைமார் குடும்ப வரலாறு பத்திரமாக இருக்கிறது.

துரைமாருக்குக் காடு வெட்டிக் கோப்பி நட்டவரின் கல் எங்கே? மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி நடக்கையிலே வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் வழியோரத்திலே கிடந்தனர். தோட்டம் சேர்ந்து மாண்டோர் மலைச்சரிவிலே புதைந்தனர். அடையாளத்துக்கு வைத்த கருங்கல் மாரியிற் புரண்டது. எழுத்திலே நின்றது கடன் ஒன்றுதான்! கடனைக் குறித்த ‘துண்டு’, 1921 இல் ஒழிக்கப்படும்வரை, தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளியைத் தொடர்ந்தது.

இம்மக்களைப் பார்த்து 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டதென்ன? தந்தை இலங்கையிற் பிறந்தமையைக் காட்டு. அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமையைக் காட்டு என்றது. அச்சட்டத்துக்குக் கையுயர்த்திய கனவான்களுள் எத்தனை பேர் தத்தம் பூட்டனின் பிறப்புச் சான்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தனர் என்று கேட்கின்றோம். கேளாதவரிடம் கேட்காமல், காட்ட இயலாதவரிடமே கேட்டனர். 1964 ஒப்பந்தமோ 5,25,000 பேரை அங்கும் 3,00,000 பேரை இங்குமாகப் பங்கிட்டது. மாட்டுச் சந்தையிற்கூட மாட்டின் முகத்தைப் பார்ப்பார்கள். எஞ்சியோருக்கு உரிமை முழுமையாகத் திரும்ப 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்து நண்பர்களே, இதனைப் பிறர் வீட்டுக் கதையென்று தள்ளிவிடாதீர்கள். நம்மிற் பெரும்பாலோர்க்கும் கல்லறை இல்லை. சுட்ட சாம்பலைக் கீரிமலையிற் கரைப்பவர் நாம். ஆயினும் நம் பாட்டன்மார் பெயர் அழியவில்லை. ஏன்? ஒல்லாந்தர் தோம்பிலே இருந்தது. காணி உறுதியிலே இருந்தது. தோட்டக்காட்டுத் தமிழனுக்கு உறுதி எழுத ஒரு பரப்புக் காணியுமில்லை. லயத்து அறைக்கு உறுதி ஏது? கல்லின்மையை விடக் காணியின்மையே அவன் முன்னோரை விழுங்கியது. 1977 கலவரத்தின்பின் வன்னிக்கு வந்து கமஞ்செய்யும் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரும் தோட்டப் பெயரும் சொல்வார்கள், பூட்டன் பெயரிலே நின்றுவிடுவார்கள். நீலகிரிக்கு அனுப்பப்பட்ட உறவினரின் பிள்ளைகளும் இங்குள்ளோரும் ஒருவரையொருவர் அறியாமற் போகின்றனர்.

1992 இலே தோட்ட நிருவாகத்தைப் பெற்ற கம்பனிகளின் காரியாலயங்களில் எஞ்சியுள்ள செக்றோல் புத்தகங்கள் சுவடிக்கூடத்தை அடையவேண்டும். தோட்டத்து மயானங்களை அளந்து அங்குள்ள மக்கள் பெயரிலே பதியவேண்டும். குடியிருப்புக் காணிக்கு உறுதி வேண்டும். அதிலே கணவன் பெயரோடு மனைவி பெயரும் எழுதப்படவேண்டும். நம் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் விடுமுறையில் மலைநாடு செல்வதுண்டு. அடுத்த முறை ஒரு கொப்பியை எடுத்துச் சென்று, லயத்துக் கிழவிமாரிடம் அமர்ந்து, அவர்கள் வாயிலிருக்கும் பெயர்களை எழுதி வரட்டும்.