பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஓட்டுக் கேட்டு வந்தால் கேலி பேசாதீர்!

அன்பார்ந்த சிறு, குறு விவசாயப் பெருமக்களே! உப்பளத் தொழிலாளர்களே! கடலோரக் குப்பங்களின் உழைக்கும் மக்களே! தாய்மார்களே!

நம்ம பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பெற்ற பிள்ளையை அநியாயமாகப் பறிகொடுத்த தகப்பனோ தாயோ மைக்கைப் பிடித்து நியாயம் கேட்டால், தேர்தலில் மனுப் போட்டால், உடனே "பொணத்த வச்சு அரசியல் பண்றாங்கப்பா" என்கிறார்கள். இந்தப் பேச்சை முதலில் கிளப்பி விடுவது யார்? அதே வீட்டு வாசலுக்கு மாலையோடு வந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போன கட்சிக்காரர்கள்தான்! அவர்கள் செய்தால் அஞ்சலி. பெற்றவள் செய்தால் அரசியலா? இதை நாமும் கூடச் சேர்ந்து பேசலாமா? சிந்திக்க வேண்டுகிறோம்.

எக்கியார்குப்பத்தை மறந்துவிட்டோமா?

2023 மே மாதம். நம்ம மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து 14 உயிர்கள் போயின. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பக்கத்திலும் சாவு விழுந்தது. அது ஊரில் காய்ச்சிய சாராயம்கூட இல்லை, தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால் என்று போலீஸ் தலைமையே சொன்னது. மெத்தனால் உடம்புக்குள் போனால் அமிலமாக மாறும். முதலில் கண் மங்கும், பிறகு மூச்சு அடங்கும். குடிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

என்ன நடந்தது? முதலமைச்சர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 50 ஆயிரம் என்றார். சில போலீஸ் அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. கருமாதி முடிந்தது. பத்திரிகைக்காரர்கள் போய்விட்டார்கள். ஊர் அவரவர் பொழப்பைப் பார்க்கப் போய்விட்டது.

"குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" என்று நம்மில் சிலரே கேட்டோம். கேட்டவர்களுக்குச் சொல்கிறோம். உப்புப் பாத்தியில் நாளெல்லாம் வெயிலில் காய்கிறவனும், விடியுமுன் கடலுக்குப் போகிறவனும், நம்ம மல்லாட்டைக் கொல்லையில் செடி பிடுங்க வருகிறவனும் வேறு வேறு ஆள் இல்லை. குடி தப்புதான். அந்தத் தப்புக்குத் தண்டனை சாவா? தொழிற்சாலையில் பூட்டி வைக்க வேண்டிய விஷம் குப்பத்து வாசல் வரைக்கும் வந்ததே, எத்தனை கை மாறி, எத்தனை கண்கள் மூடிக்கொண்டதால் வந்தது? அதைக் கேட்காமல் செத்தவனையே குற்றவாளி ஆக்குவது யாருக்கு லாபம்?

13 மாதம் கழித்து என்ன ஆச்சு?

2019 வரைக்கும் நம்ம விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில், 2024 ஜூன் மாதம், கருணாபுரத்தில் அதே மெத்தனால்! 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இந்தத் தடவை சட்டமன்றம் கூடியிருந்த நேரம். உள்ளேயும் சத்தம், வெளியேயும் சத்தம். ஜூன் 29-ல் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். சாவு விழுந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்றார்கள். எதிர்க்கட்சிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். நவம்பரில் வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது.

உழவர் பெருமக்களே, இதில் உள்ள உண்மையைக் கவனியுங்கள். அந்தச் சட்டத் திருத்தம் மரக்காணத்து 14 சாவுக்கே வந்திருக்க வேண்டாமா? மெத்தனாலுக்கு அப்போதே கடிவாளம் போட்டிருந்தால் கருணாபுரத்தில் அத்தனை பாடை கிளம்பியிருக்குமா? நம்ம ஊர்த் தாயின் அழுகை சட்டமன்றத்துக்குள் போகவில்லை. போகாததால் இன்னும் 60 வீட்டில் இழவு விழுந்தது. பெற்றவர்கள் அரசியலுக்கு வருவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பஞ்சாபில் ஒரு தகப்பன்

மான்சா மாவட்டம் மூசா கிராமம். பருத்தியும் கோதுமையும் விளையும் பூமி. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பாடகர் சித்து மூஸேவாலா. 2020-ல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தபோது ஆதரவாக நின்றவர். 2022 மே 28-ல் பஞ்சாப் அரசு 400-க்கும் மேற்பட்டவர்களின் போலீஸ் பாதுகாப்பைக் குறைத்தது. பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அந்தப் பட்டியல் வெளியே வந்துவிட்டது. மறுநாளே ஜவாஹர்கே கிராமத்தில் சுட்டுக் கொன்றுவிட்டது ஒரு கும்பல். குற்றச்சாட்டு பதிவு செய்யவே 2024 மே ஆகிவிட்டது.

தகப்பன் பல்கௌர் சிங் வீட்டுக்குள் முடங்கவில்லை. 2023-ல் ஜலந்தர் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் ஊர் ஊராகப் போய் ஆளுங்கட்சிக்கு எதிராக நியாயம் கேட்டார். ஆனாலும் ஆளுங்கட்சிதான் ஜெயித்தது. அந்த மனுசன் அதோடு விட்டாரா? 2027 சட்டமன்றத் தேர்தலில் மான்சாவில் நிற்கப்போவதாக 2025-ல் அறிவித்தார். அவரையும் "மகன் சாவை வைத்து அரசியல்" என்றுதான் பேசினார்கள். பாதுகாப்பை எடுத்த கையெழுத்து அரசியல் கையெழுத்து. அதற்குக் கணக்குக் கேட்பது மட்டும் அரசியல் ஆகக் கூடாதா?

கேரளத்தில் ஈச்சர வாரியர் என்று ஒரு தகப்பன் இருந்தார். கோழிக்கோடு பொறியியல் கல்லூரியில் படித்த மகன் ராஜனை அவசரநிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், போலீஸ் பிடித்துப் போனது. பிள்ளை திரும்பவே இல்லை. கதவு கதவாகத் தட்டினார், எந்தக் கதவும் திறக்கவில்லை. 1977 தேர்தலில் ஜனங்கள் போட்ட ஓட்டில் அவசரநிலை ஒழிந்தது. அதன் பிறகுதான் ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தில் எடுபட்டது. அவசரநிலையில் போலீஸ் இலாகாவை வைத்திருந்த கருணாகரன், முதலமைச்சர் ஆகி ஒரு மாதத்திலேயே, 1977 ஏப்ரலில் பதவி விலக வேண்டி வந்தது. தகப்பனின் கண்ணீரும் ஜனங்களின் ஓட்டும் சேர்ந்தபோதுதான் நாற்காலி ஆடியது!

ஆடு நனையுதென்று அழும் ஓநாய்கள்

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கையில் 1990-ல் பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவைக் கடத்திக் கொன்று கடலில் போட்டார்கள். உடல் கரை ஒதுங்கியது. அவருடைய தாய் தமிழ்ப் பெண், டாக்டர் மனோராணி சரவணமுத்து. காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார்கள் சேர்ந்து நடத்திய அன்னையர் முன்னணிக்குத் தலைமை ஏற்றார். பின்னால் நின்று உதவியவர்கள் எதிர்க்கட்சி எம்.பி.க்கள். அதில் ஒருவர் யார் தெரியுமா? மகிந்த ராஜபக்ச! தாய்மார்களின் புகார்களைத் தூக்கிக்கொண்டு ஜெனிவாவுக்கே கிளம்பியவர். 1994-ல் அவர்கள் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 2005-ல் அவரே ஜனாதிபதி ஆனார். அவர் ஆட்சியில், 2009-ல் போர் முடிந்தபோது, பிள்ளையைக் காணோம் என்று படத்தைக் கையில் ஏந்தி நின்றவர்கள் ஆயிரக்கணக்கான தமிழ்த் தாய்மார்கள்! மனோராணி அம்மாவின் மகனைக் கொன்றதற்குக் கடைசி வரை ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

கட்சிக் கொடிக்குக் கீழே தனியாகப் போய் நின்றால், தாயின் கண்ணீரை எண்ணெயாக ஊற்றி அவர்கள் விளக்கு எரித்துக்கொள்வார்கள். சுயேச்சையாகத் தனியாக நின்றால் டெபாசிட்டையும் இழந்து வீடு திரும்ப வேண்டியதுதான். அப்படியானால் பெற்றவர்கள் சும்மா இருக்க வேண்டுமா? கூடாது! அவர்களைத் தனியாக நிற்க விடக் கூடாது. இங்கேதான் சங்கத்தின் வேலை இருக்கிறது.

"சங்கத்துக்கு நெல் விலை, உரத் தட்டுப்பாடு, கழுவெளி ஏரித் தண்ணீர் இதெல்லாம் போதாதா?" என்று கேட்கலாம். வயலில் இறங்க ஆளே செத்துப்போனால் விலை யாருக்கு? பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு நியாயம் வாங்க முடியாத ஊர், ஆன்லைனில் பட்டா மாற்றம்கூட லஞ்சம் இல்லாமல் வாங்க முடியாது.

நமது கோரிக்கைகள்

1. எக்கியார்குப்பம் வழக்கில், தொழிற்சாலை வாசலிலிருந்து விற்ற கை வரைக்கும் சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் தண்டனை கிடைக்க வேண்டும். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குடும்பங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

2. கண்டும் காணாமல் இருந்த அதிகாரிகளுக்கு சஸ்பெண்டும் மாறுதலும் போதாது. விசாரணையின் முடிவை வெளியிட வேண்டும்.

3. மெத்தனால் வாங்கும், விற்கும், ஏற்றிப் போகும் கணக்கு மாதாமாதம் சரிபார்க்கப்பட வேண்டும்.

4. இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புக்கும், வீட்டில் ஒருவரின் பிழைப்புக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராமசபைகளில் இந்த நாலையும் தீர்மானமாக எழுத வையுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வராதீர்கள், படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு எந்தக் கொடி வந்தாலும், இந்தக் கோரிக்கைத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேளுங்கள். போடாதவருக்கு ஓட்டு இல்லை!

பறிகொடுத்த வீட்டிலிருந்து ஒரு தாயோ தகப்பனோ வார்டு உறுப்பினருக்கோ, அதற்கு மேலேயோ நிற்க முன்வந்தால், முன்மொழிய ஆள் நாம், டெபாசிட் கட்ட உண்டியல் நாம், பூத்தில் உட்கார ஏஜெண்ட் நாம். சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்க 10 வாக்காளர் முன்மொழிந்தால் போதும். ஒரு கிராமத்தில் 10 மனுசர் கிடைக்க மாட்டார்களா?

சாராய வியாபாரியின் பணம் தேர்தலில் நிற்கும்போது, சாராயத்துக்குப் பிள்ளையைக் கொடுத்தவள் நிற்பது தப்பா?

சிந்திப்பீர்! ஒன்று சேர்வீர்!

14 உயிருக்கு நியாயம் கிடைக்கும் வரை ஓய மாட்டோம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்,
மரக்காணம் வட்டாரம்.