லொத்தர்க் காசில் போட்ட பாதை



கோடை விடுமுறையில் ஒரு நாள் எல்லோருமாகச் சைக்கிள் ஓடப் போகலாம் என்று வாலிபர் கூடுகையில் பேச்சு வந்தது. கென்ட் பகுதியில், கான்டர்பரியிலிருந்து கடற்கரை ஊரான விட்ஸ்டபிள் வரை போகும் ‘கிராப் அண்ட் விங்கிள்’ பாதையை ஒருவர் சொன்னார். உடனே இன்னொருவர் கேட்டார்: “நாட்டின் சைக்கிள் பாதைகள் லொத்தர்க் காசில் போட்டவை என்கிறார்களே. எங்கள் வீட்டில் லொத்தர் டிக்கெட்டைத் தொடவே விடமாட்டார்கள். அப்படியென்றால் அந்தப் பாதையில் நாங்கள் போகலாமா?”

சிலர் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. ஒரு பொதுக் காரியத்திற்குப் பணம் எங்கேயிருந்து வருகிறது, அதை யார் கொடுக்கிறார்கள், நம்முடைய பங்கு என்ன என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

முதலில், ஒரு பாதை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை, இந்த நாட்டில் சுமார் 5,000 மைல் ரயில் பாதையையும் 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களையும் மூடச் சொன்னது. அதன் பிறகு பல சிற்றூர்கள் ரயிலை இழந்தன. தண்டவாளங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மேடு பள்ளம் அதிகமில்லாத, ஊரையும் ஊரையும் நேராக இணைத்த அந்த நிலம் பற்றைக் காடாகக் கிடந்தது. 1977இல் பிரிஸ்டல் நகரில் சிலர் ‘சைக்கிள்பேக்’ என்ற பெயரில் ஒரு குழுவாகக் கூடினார்கள். கைவிடப்பட்ட பிரிஸ்டல்–பாத் ரயில் பாதையைச் சைக்கிளுக்கும் நடைக்கும் உரிய வழியாக மாற்றலாம் என்று எண்ணினார்கள். 1979இல் தொண்டர்கள் மண்வெட்டியோடு இறங்கி முதல் ஐந்து மைலைப் போட்டார்கள். பின்னர் வேலையில்லாதோருக்கான அரசாங்கத் திட்டத்தின் வழியாகவும் ஆட்கள் வந்தார்கள். 13 மைல் பாதை முழுமையாக முடிய 1986 ஆகிவிட்டது. அந்தக் குழுதான் பிறகு ‘சஸ்ட்ரான்ஸ்’ என்ற அறநிறுவனமாக வளர்ந்தது. ஜோன் கிரிம்ஷா என்ற பொறியியலாளர் நீண்ட காலம் அதை நடத்தினார்.

மண்வெட்டி பிடிப்பது இதில் இலகுவான பகுதி. கடினமானது காணி. மூடிய ரயில் பாதையின் நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஒரு துண்டு விவசாயியிடம், ஒரு துண்டு கவுன்சிலிடம், ஒரு துண்டு வீடு கட்டியவரிடம் போனது. பத்து மைல் பாதைக்கு இருபது காணிக்காரரிடம் பேச வேண்டிவரலாம். பத்தொன்பது பேர் சம்மதித்து, நடுவில் உள்ள ஒருவர் மறுத்தால் பாதை இரண்டாக உடைந்துவிடும். “போய்வாருங்கள், ஆனால் உரிமை தரமாட்டேன்” என்று ஒருவர் வாய்ச்சொல்லாக விட்டால், அவரோ அவருடைய பிள்ளைகளோ நாளைக்கு வாசலை மூடலாம். அதனால்தான் எழுத்தில் ஒப்பந்தம் செய்கிறார்கள். முடிந்தால் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி பொதுவழி உரிமையாகவே பதிவு செய்கிறார்கள். காணி உறுதிக்காக வருடக்கணக்கில் அலைந்த நம் பெற்றோருக்கு இது நன்றாக விளங்கும்.

கான்டர்பரி–விட்ஸ்டபிள் பாதையையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1830 மே 3ஆம் திகதி ரயில் ஓடத் தொடங்கியது. ஸ்டீவன்சன் குடும்பத்தாரின் பொறியியலில் உருவான, உலகின் மிகப் பழைய பயணிகள் ரயில் பாதைகளில் ஒன்று அது. 1931இல் பயணிகள் சேவையும் 1952இல் சரக்குச் சேவையும் நின்றன. 1953இல் கடல்வெள்ளம் கரையோரப் பாதையை அடித்துச் சென்றபோது சில வாரங்கள் மட்டும் மீண்டும் திறந்தார்கள். 1997இல் ஊர் மக்கள் இதற்கென்று ஒரு அறக்கட்டளையை அமைத்தார்கள். 1999இல், சுமார் ஏழரை மைல் நீளத்தில் பாதை திறக்கப்பட்டது. ஆனால் அது பழைய ரயில் வழியில் முழுவதும் போகவில்லை. டைலர் ஹில் சுரங்கத்தின் ஒரு பகுதி 1974இல் இடிந்து, மேலே இருந்த பல்கலைக்கழகக் கட்டடத்தைச் சேதப்படுத்தியது. அந்தச் சுரங்கம் அடைபட்டுவிட்டது. வேறு இடங்களில் நிலம் கைமாறிப் போயிருந்தது. அதனால் பாதை வளைந்து, ப்ளீன் கிராமத்துப் பழைய ஆலயத்தின் அருகாகவும் காட்டுக்குள்ளாகவும் போகிறது. கிடைத்த இடத்தில் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

இனி காசுக்கு வருவோம்.

தேசிய லொத்தரின் முதல் குலுக்கல் 1994 நவம்பர் 19ஆம் திகதி நடந்தது. அப்போது ஒரு பவுணில் சுமார் 28 பென்ஸ் நற்காரியங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அடுத்த வருடம், 1995இல், அந்தப் பணத்தைப் பங்கிட்ட மிலேனியம் ஆணையம் நாடு தழுவிய சைக்கிள் வலையமைப்புக்காக சஸ்ட்ரான்ஸுக்கு 43.5 மில்லியன் பவுண் தருவதாக அறிவித்தது. மிச்சத்தைக் கவுன்சில்களிடமும் மற்றவர்களிடமும் தேட வேண்டியிருந்தது. 2000 ஜூனில் 5,000 மைல் பாதை திறக்கப்பட்டது. மறுபடியும் 2007 டிசம்பரில், தொலைக்காட்சியில் மக்கள் வாக்களித்து 50 மில்லியன் பவுண் லொத்தர் நிதியைச் சஸ்ட்ரான்ஸின் ‘கனெக்ட்2’ திட்டத்திற்குக் கொடுத்தார்கள். போட்டியிட்ட மற்ற மூன்று திட்டங்களுக்கும் அதில் ஒரு பவுணும் கிடைக்கவில்லை. பாத் நகரின் தெற்கே, 1966இல் மூடிய ரயில் பாதையின் இரண்டு சுரங்கங்களை 2013இல் திறந்தபோது, அந்தப் பணமும் ஊர்க்குழு ஒன்று வருடக்கணக்கில் சேர்த்த பணமும் அதற்குள் இருந்தன. அதில் ஒரு சுரங்கம் ஒரு மைலுக்கும் நீளமானது.

ஆகவே கேள்வி கேட்ட தம்பி சொன்னது உண்மை. அவருடைய வீட்டார் சொல்வதும் உண்மை. லொத்தர் தொடங்கியபோது மெதடிஸ்ட் சபை உட்படப் பல கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்தார்கள். இன்றைய பெரிய குலுக்கலில் முதல் பரிசு விழும் வாய்ப்பு 4 கோடி 50 லட்சத்தில் ஒன்று. இரண்டு பவுண் டிக்கெட் வசதியுள்ளவருக்கு ஒரு கோப்பிக் காசுகூட இல்லை. வாடகைக்குத் தவிப்பவருக்கு அது பாண் காசு. நற்காரியத்திற்குப் போகும் பணத்தில் அவருடைய பங்கும் இருக்கிறது. 2021 வரை 16 வயதுப் பிள்ளைகளுக்கும் டிக்கெட் விற்றார்கள். அந்த வருடம்தான் 18 ஆக உயர்த்தினார்கள்.

வேதம் இதற்கு என்ன சொல்கிறது? இரண்டு இடங்களைப் பாருங்கள்.

மத்தேயு 27இல் யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசைப் பிரதான ஆசாரியர் காணிக்கைப் பெட்டியில் போட மறுத்தார்கள். அதைக் கொண்டு அந்நியரை அடக்கம் பண்ணக் குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள். காசைக் குறித்து அவ்வளவு கவனமாக இருந்தவர்களே அந்தக் காசை முதலில் கொடுத்தவர்கள். காசு சுத்தமா என்று ஆராய்ந்தவர்கள் தங்கள் கைகளை ஆராயவில்லை. இது நமக்கும் எச்சரிக்கை. லொத்தர்ப் பாதையில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, போனில் பந்தய ஆப் வைத்திருந்தால் என்ன பிரயோசனம்?

இரண்டாவது நெகேமியா. அவர் ஒரு திட்டமிடுபவர். ராஜாவிடம் இரண்டு காரியம் கேட்டார்: அதிபதிகள் வழிவிடும்படி கடிதங்கள், ராஜாவின் வனக்காவலன் ஆசாபிடமிருந்து மரம். இன்றைய பாஷையில் சொன்னால் அனுமதியும் நிதியும். எருசலேமுக்கு வந்து மூன்று நாள் கழித்து, யாருக்கும் சொல்லாமல், இராத்திரியில் சிலரோடு போய் இடிந்த இடங்களைப் பார்வையிட்டார். அதன் பிறகே ஜனங்களைக் கூட்டிப் பேசினார். இன்றைக்கு ஒரு பாதைக்குச் சாத்திய ஆய்வு செய்யாமல் எந்த நிதியமும் விண்ணப்பத்தைத் திறந்தும் பார்க்காது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14இல் ஆண்டவர் காட்டியதும் இதுவே.

ஆனால் ராஜாவின் மரம் எப்படி வந்தது? ராஜாவின் செல்வம் வரியினால் வந்தது. அதிகாரம் 5ஐ வாசியுங்கள். அந்த வரியைக் கட்டுவதற்காக ஜனங்கள் வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் அடகு வைத்து அழுகிறார்கள். நெகேமியா மரத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அது பட்டணம் முழுவதற்குமான வேலை. அதே நேரம், அதிபதிக்கு உரிய படியைத் தனக்கென்று அவர் வாங்கவில்லை. ஜனங்களின் பாரம் கடினமாயிருந்தது என்பதே காரணம். வட்டி வாங்கிய பெரியவர்களையும் நேருக்கு நேர் கண்டித்தார்.

எனக்கு இதில் ஒரு பதில் தெரிகிறது. பொதுவுக்கு என்று வந்துவிட்ட பணத்தால் உண்டான பாதையில் நாம் போகலாம், நன்றியோடு போகலாம். ஆனால் ‘நற்காரியத்திற்குத்தானே போகிறது’ என்று சொல்லி ஒரு டிக்கெட்டும் வாங்க வேண்டாம். கொடுக்க விரும்பினால் நேராகவே கொடுக்கலாம். லொத்தரில் போடும் ஒரு பவுணில் ஒரு பகுதியே நற்காரியத்திற்குப் போகிறது. ஒரு அறநிறுவனத்திற்கு, வரி கட்டும் ஒருவர் கிஃப்ட் எய்ட் படிவத்தோடு 100 பவுண் கொடுத்தால் அது 125 ஆகிறது. ஆலயக் காணிக்கை உறையில் நாம் பார்க்கிற அதே கிஃப்ட் எய்ட்தான்.

நம் சபைகள் இதுபோன்ற நிதிக்கு விண்ணப்பிக்கலாமா என்பது வேறு கேள்வி. உண்மையான விசுவாசிகள் இதில் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். அதைப் போதகரும் சபைக் குழுவும் ஜெபத்தோடு தீர்மானிக்கட்டும். எந்தத் தீர்மானம் ஆனாலும், மற்றவரைக் குறைவாக எண்ணாமல் இருப்போம்.

இப்போது நம்முடைய கைகளுக்கு வருவோம். நெகேமியா 3ஆம் அதிகாரம் பெயர்ப் பட்டியல் என்று பலர் தாண்டிப்போவது. அங்கே ஆசாரியர் கட்டுகிறார்கள், தட்டார் கட்டுகிறார்கள், தைலக்காரர் கட்டுகிறார்கள். சல்லூம் என்பவர் தன் குமாரத்திகளோடு கட்டுகிறார். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் கழுத்துக் கொடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறது. வந்தவர்களின் பெயரும் வராதவர்களின் செய்தியும் ஒரே பட்டியலில் இருக்கின்றன.

இந்த நாட்டின் பூங்காக்களையும் பாதைகளையும் நாம் தாராளமாக அனுபவிக்கிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்து குடும்பமாகப் போகிறோம், படம் எடுக்கிறோம், சாப்பாட்டைப் பகிர்கிறோம். ஆனால் அவற்றைப் பராமரிக்கும் குழுக்களில் நம்மவர்களைக் காண்பது அரிது. பெற்றோர் தலைமுறைக்குக் காரணம் இருந்தது: இரண்டு வேலை, புதிய மொழி, ஊரில் விட்டு வந்தவர்களின் பாரம். இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு மொழியும் தெரியும், படிவமும் தெரியும். விருந்தாளியாகவே இருந்துவிடலாமா?

வேலை நிறைய இருக்கிறது. பாதை திறப்பு விழாவுக்குக் காசு கிடைப்பது சுலபம். பத்து வருடம் கழித்துப் பற்றை வெட்டக் காசு கிடைப்பது கடினம். சஸ்ட்ரான்ஸ் 2018இல் தன் வலையமைப்பு முழுவதையும் தானே ஆராய்ந்தது. விவேகமுள்ள 12 வயதுப் பிள்ளை தனியாகப் போகலாமா என்பதுதான் அளவுகோல். மொத்தம் 16,575 மைலில் மூன்றில் ஒரு பங்கே வாகனம் இல்லாத பாதை. கிட்டத்தட்டப் பாதி தரத்தில் தேறவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டு, 2020இல் வலையமைப்பில் சுமார் கால் பங்கை நீக்கியோ மாற்றியோ அமைத்தார்கள். நல்ல கணக்கொப்புவிப்பு இப்படித்தான் இருக்கும். நமது சபை நிகழ்ச்சிகளுக்கும் இது பொருந்தும்.

பன்னிரண்டு வயது என்ற அந்த அளவு நம் வீடுகளுக்கும் முக்கியம். “ரோட்டில் ஓடாதே, பிள்ளை” என்று அம்மா சொல்வது பயத்தினால். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. மகனை விட மகளுக்கு அது இன்னும் அதிகமாகச் சொல்லப்படுகிறது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெருந்தொகையான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். சந்தைக்கும் வேலைக்கும் தண்ணீருக்கும் பிறரை எதிர்பாராமல் போனார்கள். ஒரு நல்ல பாதை செய்வதும் அதுவே: கார் இல்லாதவரும், கார் ஓட்ட வயது வராதவரும் அடுத்த ஊருக்குப் போய்வர வழி விடுகிறது.

ஆகவே கோடைப் பயணம் போகும்போது ஒரு காரியம் சேர்த்துச் செய்வோம். போகிற பாதையை எந்தக் குழு பராமரிக்கிறது என்று விசாரிப்போம். அவர்களுடைய வேலை நாள் ஒன்றுக்குப் பத்துப் பேராகப் போவோம். பற்றை வெட்டலாம், குப்பை பொறுக்கலாம். ஒரு நாளில் எத்தனை பேர் பாதையைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக் கொடுக்கலாம். நிதி விண்ணப்பத்தில் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம். கணக்குப் படிக்கிறவர்கள் பொருளாளருக்கு உதவலாம். ஏசாயா 58இல் தேவன் தம் ஜனத்திற்குத் தர விரும்பிய பெயர்களில் ஒன்று பாதைகளைச் சீர்ப்படுத்துகிறவன் என்பது. பசித்தவனுக்கு அப்பத்தைப் பகிர்வதைப் பேசும் அதே அதிகாரத்தில்தான் அதுவும் வருகிறது.

கூடிப் பேச:

1. பொதுக் காரியத்திற்கு வரும் எந்தப் பணத்தை நாம் ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது? காரணத்தோடு சொல்லுங்கள்.

2. நெகேமியா 5:14–18ஐ வாசியுங்கள். தனக்கு உரிமையுள்ளதை அவர் ஏன் விட்டுக்கொடுத்தார்?

3. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மைலுக்குள், உங்கள் கை படாமலே நீங்கள் அனுபவிக்கிற பொது இடம் எது? இந்த வருடம் அதற்கு என்ன செய்யலாம்?

ஜெபம்: ஆண்டவரே, எங்களுக்கு முன் உழைத்தவர்கள் போட்ட வழிகளுக்காக ஸ்தோத்திரம். எங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கும் வழி இருக்க, எங்கள் கைகளையும் பணத்தையும் சுத்தமாய்க் காத்து உபயோகித்தருளும். ஆமென்.