மானிட்டர் எல்லாவற்றையும் பார்க்கிறது, மானிட்டரை யார் பார்ப்பது?

மழைக்காலத்தில் பூண்டி ஏரியில் தண்ணீர் ஏற ஆரம்பித்தால் எங்கள் மணவாள நகர் டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது. "முப்பத்தி மூணு அடி வந்துடுச்சாம்", "நாளைக்கு ஷட்டர் தூக்கப் போறாங்களாம்" என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். ஏரியின் முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3231 மில்லியன் கன அடி என்பது எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும் (கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம்தான்). 35 அடி நிரம்பி வழியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அதற்கு முன்பே கொசஸ்தலை ஆற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை போய்விடுகிறது. அளவு பார்க்க ஒருவர், அதைக் கேட்டு முடிவெடுக்க ஒருவர், ஷட்டரைத் தூக்க ஒருவர். மூன்று பேரும் இருந்தால்தான் அந்த அளவுகோலுக்கு அர்த்தம்.

கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏரிக்கரையில் நிற்கிறானே என்று நினைக்காதீர்கள். விஷயம் இதுதான்.

இன்று நம் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை, கொஞ்சம் பெரிய கம்பெனி எதற்குள் போனாலும் ஒரு சர்வர் ரூம் இருக்கும். அதில் சர்வர், ஸ்விட்ச், ரூட்டர், ஃபயர்வால், யு.பி.எஸ். எல்லாம் இருக்கும். இவை ஒழுங்காக இயங்குகின்றனவா என்று இரவு பகலாகப் பார்த்துக்கொள்வதற்குத்தான் கண்காணிப்பு மென்பொருள். அது செய்யும் வேலை கேட்கச் சுலபமானது. "இருக்கிறாயா?" என்று ஒவ்வொரு இயந்திரத்தையும் நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கும். இதற்குப் பிங் என்று பெயர். 1983-ல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியை வைத்துத்தான் பெயரே வைத்தார். பதில் வந்தால், அடுத்து எஸ்.என்.எம்.பி. என்ற 1988-ம் வருடத்து நெறிமுறையில் விவரம் கேட்கும். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, பிராசசர் எவ்வளவு சூடு, யு.பி.எஸ். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும், இப்படி. நாம் ஒரு எல்லை சொல்லி வைத்தால், அதைத் தாண்டியதும் மெயிலோ எஸ்.எம்.எஸ்ஸோ அனுப்பும். நம் ஏரிக்கு 35 அடி என்றால் டிஸ்குக்கு 80 சதவீதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் துறையில் நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இன்று எல்லோருக்கும் தெரிந்த ஜோஹோ, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது செய்தது மெயிலும் இல்லை, கணக்கு மென்பொருளும் இல்லை. நெட்வொர்க் கருவி தயாரிக்கும் கம்பெனிகளுக்கு இந்த எஸ்.என்.எம்.பி. சார்ந்த மென்பொருளைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். 2001 வாக்கில் டாட்காம் குமிழி உடைந்து, வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகளே காணாமல் போனபோது, அதே அறிவை வைத்து நேரடியாக நிறுவனங்களுக்கே விற்கலாம் என்று மேனேஜ்எஞ்சின் என்ற பிரிவை ஆரம்பித்தார்கள். ஆப்மேனேஜர் அதில் வந்ததுதான். காசு கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு நாகியோஸ், ஜாபிக்ஸ் என்று இலவச மென்பொருள்களும் உண்டு. ஆகவே கருவிக்குப் பஞ்சமில்லை. என் புகார் கருவி மேல் இல்லை, வாங்குகிறவர்கள் மேல்.

இன்ப்ளாண்ட் டிரெயினிங் போனபோது ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) சர்வர் ரூம் வாசலில் 50 அங்குல டிவி மாட்டியிருந்தார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள். பார்க்க ரொம்ப அழகு. ஆடிட் வந்தவர்களை முதலில் அழைத்துக்கொண்டுபோய் அங்கேதான் நிறுத்துவார்கள். நான் இருந்த 10 நாளும் மூலையில் ஒரு வட்டம் சிவப்பாகவே இருந்தது. "அது என்ன சார்?" என்று கேட்டேன். "அது அப்படித்தான் இருக்கும்பா" என்று பதில் வந்தது. இந்த ஒரு வாக்கியத்தில் நான் அங்கே கற்றுக்கொண்டது முழுவதும் அடங்கிவிட்டது :-)

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். டிப்ளமோ முடித்துவிட்டு, வண்டி உதிரிபாகம் செய்யும் வேறொரு கம்பெனியில் காண்ட்ராக்டில் நைட் ஷிப்ட் சிஸ்டம் அட்மினாக இருந்தார். அங்கே உபயோகத்தில் இல்லாத ஒரு ஷெட்டில் பழைய ஸ்விட்ச் ஒன்று உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "செத்துவிட்டது" என்று ஒரு மெயில், உடனே "பிழைத்துவிட்டது" என்று இன்னொரு மெயில். ராத்திரிக்கு 200 மெயிலுக்கு மேல் வரும். அதை நிறுத்தச் சொல்லி அண்ணன் கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றார்கள். புலி வருது, புலி வருது என்று தினமும் கத்தினால் என்ன ஆகும் என்று நமக்கெல்லாம் பாட்டி சொல்லியிருக்கிறாள். மேனேஜர்களுக்குப் பாட்டி இல்லை போலிருக்கிறது.

அந்தக் குப்பைக்கு நடுவில் இன்வாய்ஸ் போடும் சர்வரின் டிஸ்க் 80 சதவீதம் என்று ஒரு மெயில் வந்தது. இரண்டு நாள் கழித்து 90. பிறகு 95. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு டிஸ்க் முழுக்க நிரம்பி சர்வர் நின்றுபோனது. சரக்கு குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் என்றால் ஈ-வே பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. சரக்கு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. டிரைவர்கள் கொசுக்கடியில் கேபினுக்குள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுக்குப் பழைய ஃபைல்களை அழித்தால் போதும் என்று தெரியும். ஆனால் அந்த சர்வரில் கைவைக்க அவருக்கு அனுமதி கிடையாது. அனுமதி உள்ளவர் போனை எடுக்கவில்லை.

காலையில் கூட்டம் போட்டார்கள். "மெயில் வந்ததா, இல்லையா?" என்பதுதான் அண்ணனிடம் கேட்ட ஒரே கேள்வி. வந்தது என்று அவர் உண்மையைச் சொன்னார். அடுத்த வாரம் அவருக்கு வேலை இல்லை. மென்பொருள் வைத்திருந்த பதிவை எடுத்து அவர் முகத்துக்கு நேராகவே காட்டினார்களாம். கம்ப்யூட்டரைக் கண்காணிக்க வாங்கியது, கடைசியில் யார் மேல் பழி போடலாம் என்று தேட உபயோகப்பட்டது.

சின்ன கம்பெனி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்கிறீர்களா? 2013 நவம்பர் 30-ம் தேதி டார்கெட் என்ற அமெரிக்கக் கடை நிறுவனத்தின் பெங்களூர் அலுவலகத்தில் அலாரம் அடித்தது, கணினிகளுக்குள் திருட்டு நிரல் புகுந்துவிட்டது என்று. நம் ஆட்கள் கவனித்து, மினியாபொலிஸ் தலைமையகத்துக்குச் சொல்லியும்விட்டார்கள். அங்கே யாரும் அசையவில்லை என்று 2014 மார்ச்சில் ப்ளூம்பெர்க் பிசினஸ்வீக் எழுதியது. நான்கு கோடி வாடிக்கையாளர்களின் கார்டு எண்கள் போயின. கருவி வேலை செய்தது. பார்த்தவனும் வேலை செய்தான். ஷட்டரைத் தூக்க வேண்டியவர்தான் இல்லை.

இன்னொன்று, 2017 ஜனவரி 31. கிட்லாப் கம்பெனியில் ராத்திரி வேலை பார்த்த ஊழியர் ஒருவர், அழிக்க நினைத்த சர்வரை விட்டுவிட்டு உண்மையான டேட்டாபேஸை அழித்துவிட்டார். சரி, பேக்கப் இருக்குமே என்று போனால், தினசரி பேக்கப் வெகுநாளாக எடுக்கப்படவே இல்லை. தோற்றுப்போனால் மெயில் அனுப்பும்படிதான் வைத்திருந்தார்கள், அதுவும் அனுப்பியது. ஆனால் அந்த மெயிலில் சரியான முத்திரை இல்லை என்று மெயில் சர்வர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது! ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். பிறகு வெளியிட்ட விரிவான அறிக்கையில் அந்த ஊழியரின் பெயர் இல்லை. இவன் ஏன் செய்தான் என்று கேட்காமல், இப்படிச் செய்ய முடிகிற மாதிரி ஏன் வைத்திருந்தோம் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் தெரு அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

கருவி மேல் புகாரே இல்லை என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். எல்லா இயந்திரத்தையும் விசாரிக்கிற மென்பொருளிடம் எல்லா இயந்திரத்தின் சாவியும் இருக்கும். 2020-ல் சோலார்விண்ட்ஸ் கம்பெனியின் ஓரியன் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்கு வந்த அப்டேட்டுக்குள்ளேயே ஹேக்கர்கள் கள்ள நிரலை ஒளித்து வைத்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அதைத் தாங்களே இறக்கி நிறுவிக்கொண்டார்கள், அமெரிக்க அரசுத் துறைகள் உட்பட. வேலியே பயிரை மேய்ந்த கதை. அதனால் ஆடிட்டுக்குக் காட்ட ஒன்று இருக்கட்டும் என்று வாங்கிப்போட்டு அப்டேட்டைக்கூட கவனிக்காமல் விடுவதைவிட, வாங்காமலே இருந்துவிடலாம் என்பேன்.

அரசாங்கமும் சும்மா இல்லை. செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் சேமிக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் "கவனித்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். கவனிக்கவே ஆள் இல்லாத இடத்தில் அந்த 6 மணி நேரம் எப்போது ஆரம்பிக்கும்?

இப்போது புதிதாக, ஏ.ஐ. எல்லா அலாரத்தையும் வடிகட்டித் தரும் என்கிறார்கள். தரட்டும், 200 மெயில் ஒன்றாகும். அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு டிஸ்கில் கைவைக்கும் அதிகாரம் ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடம் இருக்கிறது? என்னைக் கேட்டால், ஒவ்வொரு அலாரத்துக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதி வைக்கச் சொல்வேன்: யார் எழுந்திருக்க வேண்டும், எழுந்தவர் என்ன செய்ய அனுமதி உண்டு. எழுத முடியவில்லையா, அந்த அலாரத்தை அணைத்துவிடுங்கள். இதற்கு லைசென்ஸ் காசு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஒருவேளை அதனால்தான் யாரும் செய்வதில்லையோ என்னவோ.

அண்ணன் இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறு வேலையில் இருக்கிறார். சேர்ந்த முதல் மாதமே மேலதிகாரியோடு உட்கார்ந்து, யாரும் எதுவும் செய்யாத அலாரங்களை ஒவ்வொன்றாக அணைத்தாராம். முக்கால்வாசி போய்விட்டதாம். இப்போது ராத்திரியில் அவர் போன் அடித்தால் உண்மையாகவே ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். அவர் எழுந்துகொள்கிறார். பக்கத்து அறையில் அவர் அம்மாவும் எழுந்து, "என்னடா, லாரியா?" என்று கேட்கிறார்களாம்.