கதவைத் தூக்கிப் பாருங்கள்

பழைய பிக்கப் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் இன்ஜினைப் பற்றி விடாமல் பேசுவார்கள். கதவைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். ஓங்கி அறைந்தால் மூடிக்கொள்கிறதல்லவா, போதும். அப்படி அறைந்தே கெட்ட கதவுகள் திருச்சி அரியமங்கலத்துப் பட்டறைகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. டெல்கோ 1988இல் கொண்டுவந்த டாடாமொபைல் 206, அதன் பின்னால் வந்த 207, இன்னும் பழைய மஹிந்திரா ஜீப் பிக்கப் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

முதலில் இறங்குவது டிரைவர் பக்கக் கதவு. காந்தி மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கும் வண்டியில் டிரைவர் எத்தனை முறை ஏறி இறங்குவார்! ஒவ்வொரு முறையும் கதவைப் பிடித்துத்தான் உடம்பைத் தூக்குகிறார். கீல்கள் இரண்டுக்கும் இடைவெளி 40 செ.மீ., கதவின் அகலம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் 30 கிலோ பாரம் விழுந்தால் மேல் கீலை 75 கிலோ கூடுதலாக இழுக்கும். கீழ்க் கீல் அதே விசையில் உள்ளே அமுங்கும். கீலில் வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிவிடுவது இதனால்தான்.

கதவைப் பாதி திறந்து, விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீலுக்குள் பின் செருகியிருக்கும் இடத்தில் ஆட்டம் தெரிந்தால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. கீல் முழுதுமே அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது பில்லர் தகடு துருப்பிடித்து விரிசல் விட்டிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நல்ல டிங்கர் கதவைக் கழற்றுவதற்கு முன் கீல் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கோடு கீறிவைப்பார். அடியில் ஜாக்கி கொடுத்து, ஓர் ஆள் பிடித்துக்கொள்ள, போல்ட்டைத் தளர்த்துவார். தேய்ந்த துளையை ரீமர் போட்டு வட்டமாக்கி, அதற்கேற்ற பருமனில் லேத்தில் கன்மெட்டல் புஷ் கடைந்து இறக்கிப் புதுப் பின் போடுவார். பூட்டுக்கொண்டியை நகர்த்துவது கடைசி வேலை. அதை முதலில் செய்கிறவர் கோளாறை மறைக்கிறார், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வருவது கீலைப் பில்லரோடு சேர்த்து வெல்டிங் வைப்பதைப் பார்க்கும்போது. அரைமணி நேரத்தில் வேலை முடியும், உண்மைதான். அடுத்த முறை கழற்ற வழியே இருக்காது. தகட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் குத்திச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அவை அடைத்தால் மழைத்தண்ணீர் உள்ளேயே தங்கி, கதவைத் துரு தின்னும்.

பழைய வண்டி என்றாலே சட்டம் தனி மரியாதை தரும் என்று நினைக்க வேண்டாம். 2021இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. பதிவாகி 50 ஆண்டு தாண்டிய, சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்குத்தான் அந்தப் பெயர். வாடகைக்கு உழைக்கும் பிக்கப்புக்கு எத்தனை வயதானாலும் அந்த மரியாதை கிடையாது. 8 ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) நிற்க வேண்டும். அந்த வண்டியைக் காப்பாற்றுவது உரிமையாளரும் டிங்கரும் லேத்காரரும்தான்.

ஆகவே அடுத்த முறை வண்டியை விடும்போது, "வெல்டிங் வேண்டாம் அண்ணே, புஷ் போட்டுக் கொடுங்க" என்று சொல்லுங்கள். ஒரு நாள் கூடுதலாகக் கேட்பார். கொடுங்கள்.