கதை படிக்க ஆள் வேண்டும்

தமிழ் நாட்டில் ஒரு சங்கம் ஆரம்பிப்பதைப் போல் சுலபமான காரியம் வேறொன்றும் கிடையாது. நாலு பேர் சேர்ந்தால் போதும். ஒருவர் தலைவர், ஒருவர் உபதலைவர், ஒருவர் காரியதரிசி, மிஞ்சியவர் பொக்கிஷதார். பொக்கிஷதாருக்கு வேலை அதிகம் இராது. ஆரம்ப விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவரை அழைத்து அக்கிராசனம் வகிக்கச் செய்து, ரோஜாப்பூ மாலை போட்டு, மறுநாள் பத்திரிகையில் படமும் வந்துவிட்டால் சங்கம் பிறந்துவிட்டதென்று அர்த்தம். அந்தக் குழந்தை ஆண்டு நிறைவைக் காணுமா என்று கேட்பதுதான் அநாகரிகம்!

இப்படிப்பட்ட நாட்டில், 1970-ம் வருஷம் சென்னையில் தொடங்கிய ஓர் இலக்கிய அமைப்பு அரை நூற்றாண்டு காலம் மாதந்தோறும் கூடி வந்தது என்றால், அதன் இரகசியத்தை விசாரிக்கத்தான் வேண்டும். அதன் பெயர் 'இலக்கியச் சிந்தனை'. அதைத் தோற்றுவித்தவர்களில் முக்கியமான இருவர் ஸ்ரீ ப. லட்சுமணனும் ஸ்ரீ ப. சிதம்பரமும். பின்னவர் பிற்காலத்தில் மத்திய சர்க்காரில் நிதி மந்திரியாகி நாடறிந்தவரானார். ஆனால் மந்திரிமார்களின் ஆதரவினால் நிலைத்த இலக்கியச் சங்கம் எதையும் சரித்திரத்தில் நாம் கண்டதில்லை. ஆகையால் இரகசியத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

இலக்கியச் சிந்தனை செய்த காரியம் கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. தமிழ்ப் பத்திரிகைகளில் அந்த மாதம் வெளியான சிறுகதைகளை ஒருவர் பொறுப்பேற்றுப் படிக்க வேண்டும். படித்துவிட்டு மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இவற்றில் இன்ன கதை சிறந்தது, இன்ன காரணத்தினால்" என்று சொல்ல வேண்டும். இவ்வாறு பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கதைகள் சேரும். வருஷ முடிவில் அந்தப் பன்னிரண்டையும் இலக்கியப் பயிற்சியுள்ள ஒருவரிடம் கொடுத்து, அவற்றுள் தலைசிறந்தது எதுவென்று அபிப்பிராயம் கேட்பார்கள். பிறகு பன்னிரண்டு கதைகளும் புத்தகமாக வெளிவரும். தியாகராய நகர் தீனதயாளு தெருவிலுள்ள வானதி பதிப்பகத்தார் இத்தகைய தொகுப்புகள் பலவற்றை வெளியிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவுதானா என்று நேயர்கள் கேட்கலாம். இவ்வளவேதான். ஆனால் ஒரு மாதத்துக் கதைகளை ஒன்று விடாமல் படித்துப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். வாரப் பத்திரிகைகள், மாதப் பத்திரிகைகள், சிறு பத்திரிகைகள் எல்லாவற்றையும் திரட்டியாக வேண்டும். அவற்றில் பாதிக் கதைகளில் கதாநாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மற்றப் பாதியில் கதாநாயகன் ரயிலுக்குக் காத்திருப்பான். அதற்கிடையில், பெயரே கேள்விப்பட்டிராத ஒருவர் எழுதிய மூன்று பக்கக் கதை ஒன்று ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் இவ்வளவு பாடும். பேச்சாளர்களுக்குத் தமிழ் நாட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. பிறர் எழுதியதைப் பொறுமையுடன் படித்துவிட்டு வந்து பேசுகிறவர்களுக்குத்தான் பஞ்சம். இலக்கியச் சிந்தனையின் ஏற்பாட்டில் படிக்காமல் மேடை ஏற வழியே இல்லை. அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் இதுதான் என்பது நமது முடிவு.

கூட்டம் நடந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வருஷங்கள் மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலைகளில் அது ஆழ்வார்பேட்டை அம்புஜம்மாள் தெருவிலுள்ள ஸ்ரீநிவாச காந்தி நிலையத்தில் கூடியது. இந்த நிலையத்தை 1948-ம் வருஷத்தில் நிறுவியவர் ஸ்ரீமதி எஸ். அம்புஜம்மாள். 1926-ல் கௌஹாத்தி காங்கிரஸுக்குத் தலைமை வகித்த ஸ்ரீ எஸ். ஸ்ரீநிவாச ஐயங்காரின் புதல்வி. காந்தி மகானின் அடியொற்றி நடந்தவர். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். துளஸிதாஸரின் இராமாயணத்தைத் தமிழில் தந்தவர். தகப்பனார் பெயரையும் தேசப் பிதாவின் பெயரையும் சேர்த்து ஒரே கட்டடத்துக்கு வைத்தார். ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று ஏற்பட்ட அந்த இடத்திலே கதைகளைப் பற்றிப் பேசச் சிலர் கூடினார்கள் என்பது பொருத்தமில்லாத விஷயம் என்று நமக்குத் தோன்றவில்லை.

இலக்கியத்தைக் காதால் கேட்பதற்கென்று ஜனங்கள் கூடுவது நமக்குப் புதிதன்று. அச்சு யந்திரம் வருவதற்கு முன்னால் ஒரு நூல் உலகத்தைப் பார்ப்பது அரங்கேற்றத்தின் மூலமாகத்தான். குறை சொல்லக் காத்திருக்கும் வித்வான்கள் முன்னிலையில் கவி தம்முடைய வாயாலேயே படித்துக் காட்டியாக வேண்டும். அச்சு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அடியோடு போய்விடவில்லை. மயிலாப்பூரில் நடந்த ஒரு சங்கதியைப் பாருங்கள். ஸ்ரீ வி. கிருஷ்ணசாமி ஐயர் பெரிய வக்கீல், அரசியலில் மிதவாதி. சுப்பிரமணிய பாரதியாரோ தீவிரவாதி. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அப்படியிருந்தும், பாரதியார் தம் தேசியப் பாடல்களைப் பாடக் கேட்டதும் கிருஷ்ணசாமி ஐயர் கட்சியை மறந்தார். 1907-ல் மூன்று பாடல்களை அச்சிட்டு, பதினையாயிரம் பிரதிகள் இலவசமாக வழங்கச் செய்தார். பாடல்களைக் காகிதத்தில் மட்டும் கண்டிருந்தால் அவர் இவ்வளவு தூரம் இளகியிருப்பாரா என்பது நமக்குச் சந்தேகந்தான். கவியின் குரலைக் கேட்டதில்தான் விசேஷம் இருந்தது.

சரி, சென்னையில் சிலர் கூடிக் கதை பேசினால் கோவில்பட்டியில் உள்ளவருக்கு என்ன லாபம்? இது நியாயமான கேள்வி. தமிழின் நல்ல எழுத்தாளர்களில் பலர் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்கள். ஸ்ரீ கி. ராஜநாராயணன் இடைசெவல் கிராமத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டேதான் எழுதினார். இப்படிச் சிதறிக் கிடக்கும் எழுத்தாளர்களை ஒன்று சேர்ப்பதற்குப் பலர் பல வழிகளில் முயன்றிருக்கிறார்கள். 1933-ல் தோன்றிய 'மணிக்கொடி' ஒரு பத்திரிகையைக் கொண்டே அதைச் சாதிக்கப் பார்த்தது. தபால்காரர்தான் அதற்குக் காரியதரிசி என்று சொல்ல வேண்டும். 1961-ல் ஸ்ரீ ப. ஜீவானந்தம் தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தோற்றுவித்தார். 1975-ல் மதுரையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் ஆரம்பமாயிற்று. இவை ஊருக்கு ஊர் கிளை கண்டவை. முற்போக்கு எழுத்தாளர்கள் 'கலை இலக்கிய இரவு' என்ற பெயரில் பாட்டும் கூத்தும் பேச்சுமாக விடிய விடிய நடத்திய நிகழ்ச்சிகளுக்கு, திருவிழாவுக்கு வருவதைப் போல ஜனங்கள் வந்தார்கள். அவர்களுடைய அரசியல் எல்லோருக்கும் சம்மதமாயிராது. ஆனாலும் கண் விழித்துக் கவிதை கேட்கும்படி ஜனங்களைச் செய்தது சாமான்யமான காரியமல்ல.

மேல் நாட்டிலும் கதை இதுதான். 1921-ல் லண்டனில் ஸ்ரீமதி டாஸன் ஸ்காட் என்னும் அம்மாள் எழுத்தாளர்கள் சேர்ந்து சாப்பிடுவதற்கென்று ஒரு விருந்துக் கழகம் ஆரம்பித்தார். நாவலாசிரியர் கால்ஸ்வொர்த்தி முதல் தலைவர். அதுதான் 'பென்' என்று உலகமெல்லாம் பரவியது. 1933-ல் ஸ்ரீமதி ஸோபியா வாடியாவின் முயற்சியால் பம்பாய்க்கும் வந்தது. வெள்ளைக்காரர்கள் விருந்தில் தொடங்கினார்கள். நாம் ஒரு கப் காப்பியோடு நிறுத்திக்கொண்டோம்.

இலக்கியச் சிந்தனை இந்த வழிகளில் எதையும் பின்பற்றவில்லை. ஊர்தோறும் கிளை வைக்கவில்லை, யாத்திரை கிளம்பவில்லை. எழுத்தாளர் எந்த ஊரில் இருந்தாலும் அவர் கதை பத்திரிகையில் வருமல்லவா? அந்தப் பத்திரிகையைப் படித்துவிட்டால் அவரும் கூட்டத்துக்கு வந்த மாதிரிதான். எங்கேயோ ஒரு தாலூகா கச்சேரியில் குமாஸ்தா வேலை பார்க்கும் இளைஞருக்கு, "உங்கள் கதை இம்மாதச் சிறந்த கதையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது" என்று ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்! பரிசுத் தொகை பெரிதாக இராவிட்டால் என்ன? முன்பின் தெரியாத ஒருவர் படித்தார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஒரே மனிதருடைய ரசனையை நம்பித் தேர்ந்தெடுப்பதில் அநீதி நேராதா என்றால், நேரும். நல்ல கதை விட்டுப் போயிருக்கும். சுமாரான கதைக்கு அதிர்ஷ்டம் அடித்திருக்கும். ஆனால் ஒவ்வொரு மாதமும் படிக்கிற ஆள் மாறினால், இந்த மாதத்து அநீதிக்கு அடுத்த மாதத்தில் பரிகாரம் உண்டு. நிரந்தரமான நடுவர் குழுவைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல் என்போம்.

இப்போது இந்த ஏற்பாட்டின் அடித்தளமே ஆட்டங் கண்டிருக்கிறது. கூட்டம் குறைந்துவிட்டதே என்பது பெரிய ஆபத்தல்ல. பத்துப் பேருக்குக் குறைவாக வந்த கூட்டங்களிலும் நல்ல பேச்சுக்கள் நடந்திருக்கின்றன. ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் வாரப் பத்திரிகையின் ஒரே இதழில் பல சிறுகதைகள் வெளிவரும். வரவர அது ஒன்றாகச் சுருங்கிற்று. சில பத்திரிகைகளில் அந்த ஒன்றும் ஒரு பக்கக் கதையாகக் குறுகிப் போயிற்று. 1941-ல் தோன்றிய 'கல்கி' 2020-ல் அச்சில் வருவது நின்று, கணினி வழியாக வரலாயிற்று. கதைகள் எழுதப்படவில்லையா? முன்னைவிட அதிகமாகவே எழுதப்படுகின்றன. ஆனால் அவை பத்திரிகைக் கடையில் தொங்குவதில்லை. 1999-ல் 'திண்ணை'யும் 2009-ல் 'சொல்வன'மும் இணையத்தில் தோன்றின. இவற்றைப் போன்ற இன்னும் பல தளங்களிலும் கடல் கடந்த தேசங்களிலுள்ள தமிழர்கள் எழுதி வருகிறார்கள். தனி மனிதர்கள் கைபேசியில் எழுதி நண்பர்களுக்கு அனுப்பும் கதைகளுக்கோ கணக்கே கிடையாது. "இம்மாதம் வெளியான கதைகள் எல்லாவற்றையும் படித்தேன்" என்று இனி யார் துணிந்து சொல்ல முடியும்?

2020-ல் கொரோனா நோய் பரவியபோது மண்டபங்கள் மூடிக் கிடந்தன. சென்னையின் இலக்கியக் கூட்டங்கள் பல கணினித் திரைக்குக் குடியேறின. இதில் லாபமும் உண்டு. மந்தைவெளியில் முழங்கால் வலியினால் படியிறங்க முடியாத பாட்டியும், டொராண்டோவில் குளிருக்கு அஞ்சிக் கதவடைத்திருக்கும் பேரனும் ஒரே கதையைப் பற்றி ஒரே சமயத்தில் கேட்டார்கள். நஷ்டம் என்னவென்றால், கூட்டம் முடிந்த பிறகு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே நடக்கும் சண்டை போய்விட்டது. மேடையில் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டதையெல்லாம் அங்கேதான் சொல்வார்கள். அந்தச் சண்டைக்காகவே கூட்டத்துக்கு வந்த ரசிகர்களை நாம் அறிவோம்.

ஆகையால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வாசிகளுக்கு நமது யோசனை இது. புதிதாகச் சங்கம் எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். இருக்கிறவற்றுக்குப் படிக்கிற ஆள் கொடுங்கள். எல்லாக் கதைகளையும் ஒருவர் படிக்க முடியாத காலத்தில் வேலையைப் பங்கு போட வேண்டியதுதான். ஒரு வீட்டார் அச்சில் வரும் வாரப் பத்திரிகைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொரு வீட்டார் சிறு பத்திரிகைகளை எடுத்துக்கொள்ளட்டும். கணினியில் சாமர்த்தியமுள்ள கல்லூரிப் பெண்ணிடம் இணையக் கதைகளை ஒப்படையுங்கள். ஆளுக்கு ஒரு கதையாகப் பொறுக்கி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக் கூடத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். தூங்கிப் போகிறவர்களைக் கொண்டும் கதையின் தரத்தை ஒருவாறு நிர்ணயிக்கலாம். பிறகு அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு மாதக் கூட்டத்துக்குப் போங்கள். எந்தக் கூட்டத்திலும் முன்வரிசை நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும். காரியதரிசியிடம், "அடுத்த மாதம் நான் படித்துக்கொண்டு வருகிறேன், ஸார்!" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அந்த மனுஷர் தம்முடைய காதுகளை நம்புவதற்குச் சிறிது அவகாசம் கொடுக்க வேண்டியிருக்கும்.