மறந்துவிடு என்னும் மருந்து

தமிழர் இல்லங்களில் காசில்லாமல் கிடைக்கும் மருந்து ஒன்று உண்டு. ‘நடந்ததை மறந்துவிடு’ என்பதே அது. சாவு வீட்டிலும், விபத்தில் உயிர் தப்பியவனின் கட்டிலருகிலும், தந்தையின் குடிவெறியைக் கண்டு நடுங்கிய சிறுவனிடத்தும் இம்மருந்து தாராளமாகப் புகட்டப்படுகின்றது. புகட்டியவர் கடமை முடிந்ததென எழுந்து செல்வார். நோய் தீர்ந்ததா என்று திரும்பி வந்து பார்ப்பவர் இலர்.

குரங்கை நினையாமல் மருந்தைக் குடி என்று சொன்ன வைத்தியனின் கதை தமிழ் மாணவர் அனைவரும் அறிந்ததே. சிரித்துவிட்டுப் போகும் கதையன்று அது. 1987ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலார் டேனியல் வெக்னரும் அவர்தம் குழுவினரும், வெள்ளைக் கரடியை நினைக்கலாகாது என்று சிலரைப் பணித்தனர். மீறி நினைவு வரும்போதெல்லாம் மணியடிக்கச் செய்தனர். மணி ஓயவில்லை. தடை நீங்கிய பிறகோ, முதலிலிருந்தே தடையின்றி நினைத்தவரினும் அவர்களே கரடியை மிகுதியாக நினைத்தனர். வெறும் கரடிக்கே இப்பாடு எனின், கண்முன் மாண்ட தம்பியின் முகத்தை ஆணையிட்டு விலக்க இயலுமா?

இவ்வாணையின் கொடுமையை மலாயாத் தமிழர் நன்கறிவர், அறிந்திருந்தும் ஒப்புக்கொள்வதில்லை. 1942க்கும் 1943க்கும் இடையில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப் பாதைக்கு, இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். ஆசியத் தொழிலாளருள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. வாந்திபேதியில் விழுந்தவரைக் குழியிலிட்டு மறுநாளும் மண்வெட்டி பிடித்த கைகள், போர் முடிந்தபின் மீண்டும் பால் மரம் சீவின. அவர்களிடம் சொல்லப்பட்டதும் அதே மொழிதான்: பழைய கதை எதற்கு, பிழைத்து வந்தாயே, அது போதும். அவர்கள் வாய் மூடினர். ஆனால் பகலில் மூடிய வாய் இரவில் அலறியதைத் தோட்டத்து லயங்களின் மெல்லிய பலகைச் சுவர்கள் மறைக்கவில்லை.

அதே பாதையில் சித்திரவதைக்கு ஆளானவர் எரிக் லோமாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் படை அதிகாரி. அவரும் பல்லாண்டு வாய் திறவாதவரே. கனவுகள் விடவில்லை, இல்லறம் இடிந்தது. முதுமையில், சித்திரவதைக்கு ஆளானோருக்கென இலண்டனில் அமைந்த மருத்துவ அமைப்பொன்றில் நடந்ததை முறையாகச் சொல்லத் தொடங்கினார். 1993இல் காஞ்சனபுரிப் பாலத்தருகே, தம்மை விசாரித்தபோது மொழிபெயர்த்து நின்ற நாகாசே தகாஷியைச் சந்தித்தார், பின்னர் மன்னித்தார். அவர் எதையும் மறக்கவில்லை. நூலாகவே எழுதி வைத்தார். இன்று நடப்பது போல் வந்து தாக்கிய நிகழ்ச்சி, அன்று நடந்து முடிந்த நிகழ்ச்சியாக மாறியது. விட்டுவிடுதல் என்பது இதுவே. தோட்டத்துத் தமிழனுக்கு அத்தகைய அறையும் இல்லை, கேட்கும் செவியும் இல்லை.

வள்ளுவரே மறக்கச் சொன்னார் என்று சிலர் வாதிடுவர். ‘செய்ந்நன்றி அறிதல்’ அதிகாரத்தில் அவர் பேசுவது பிறர் செய்த தீமையை மனத்தில் வைத்து வளர்க்கும் பகை பற்றி. அழையாமல் நள்ளிரவில் வந்து நெஞ்சை அடைக்கும் நினைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குறளைக் கற்பிப்போரே இவ்விரண்டையும் குழப்புவது வருந்தத்தக்கது.

குழப்பம் வகுப்பறையில்தான் முற்றுகின்றது. ‘என் வாழ்வில் மறக்க முடியாத நிகழ்ச்சி’ என்னும் தலைப்பைத் தராத தமிழாசிரியர் எவர்? அதற்கென்றே ஒரு சாலை விபத்தும், ஒரு வெள்ளமும், நான்கைந்து மரபுத்தொடர்களும் மனப்பாடமாய்க் கைவசம் உள்ளன. குருதி ‘ஆறாகப் பெருக்கெடுக்கும்’, இறுதிப் பத்தியில் மாணவன் பாடம் கற்றுக்கொள்வான், புள்ளிகள் விழும். உண்மையிலேயே விபத்தில் தாயை இழந்த மாணவி மூன்றாம் வரிசையில் வெற்றுத்தாளுடன் அமர்ந்திருப்பாள். அவளிடம் மட்டும், ‘அதையெல்லாம் மறந்துவிட்டு வேறு எழுதம்மா’ என்பர். மறவாமையைக் கேட்பதும், மறதியைக் கட்டளையிடுவதும் ஒரே பாடவேளையில் நடந்தேறுகின்றன!

அவளை வற்புறுத்திப் பேசவைப்பதும் தவறே. ஆறாத புண்ணை ஊரறியக் கிளறுவது மருத்துவமாகாது. தலைப்பு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். விரும்பாதவள் மற்றொன்றை எழுதட்டும். எழுத முன்வந்தாளாயின், அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டாதிருத்தலும், ‘இதைப் பற்றிப் பேச வேண்டுமா?’ என்று தனியே ஒருமுறை கேட்டலும் ஆசிரியர்க்கு இயலாத செயல்கள் அல்ல. உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, அக்காட்சியே திரும்பத் திரும்பக் கண்ணில் நிற்கின்றதெனின், பெற்றோரை அழைத்து ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும். அந்த ஒரு தாளில் ஒற்றுப்பிழைகளைச் சுழிப்பதை மற்றொரு நாளைக்கு ஒத்திவைக்கலாம்.